கோயிலுக்கு மாடு கொடுக்க நினைப்பவர்களுக்கு

 

போன மாசம் நிர்வாகக் கூட்டத்துல ஒரு விசயம் வந்தது. நம்ம கோயிலுக்குப் பல வருசமா உபயம் செய்து வரும் ஒரு குடும்பம், காலமான தங்கள் தகப்பனார் நினைவா ஒரு கறவை மாடும் கன்றும் கோயிலுக்குக் கொடுக்க ஆசைப்படுறாங்க. நல்ல மனசு. வெள்ளிக்கிழமை அபிஷேகத்துக்குப் பாக்கெட் பால் வாங்க வேண்டாம், கோயில் மாட்டுப் பாலே கிடைக்கும், பிள்ளைங்களும் பசுவைத் தொட்டுக் கும்பிடலாம்னு சொன்னாங்க. கூட்டத்துல எல்லாருக்கும் சந்தோசம். தலைவர் "மாட்டை யார் பார்த்துக்கிறது?"ன்னு கேட்டார். கேட்டுட்டு எங்க பக்கம் திரும்பினார். அவர் மட்டும் இல்ல, மொத்தக் கூட்டமும் திரும்பிச்சு.

"யோசிச்சுச் சொல்றோம்"னு சொல்லிட்டு வந்துட்டோம். யோசிச்சதைத்தான் இங்கே எழுதுறோம். கொஞ்சம் நீளம், பொறுத்துக்குங்க. நாங்கன்னு எழுதுறது வீட்டுக்காரம்மாவையும் அம்மாவையும் சேர்த்துத்தான். போன்ல தட்டுறது ஒரு விரல், பக்கத்துல உட்கார்ந்து "அது அப்படி இல்ல"ன்னு திருத்துறது ரெண்டு பேர்.

நாங்க எல்லாருமே தோட்டத்துல பிறந்து வளர்ந்தவங்க. சுங்கை பட்டாணிக்கு வெளியே கித்தா தோட்டம். லயத்து வீட்டுக்குப் பின்னால ஆளுக்கொரு துண்டு நிலம் இருக்கும், அதைக் கொல்லைன்னு சொல்லுவோம். பால் வெட்டுற சம்பளத்தை மட்டும் வச்சுக்கிட்டு ஏழு பேர் சாப்பிட முடியாது. கடையில வாங்குறது அரிசி, பருப்பு, உப்பு, சீனி, கருவாடு, மண்ணெண்ணெய். மத்ததெல்லாம் கொல்லையில இருந்து வரணும். கத்தரி, வெண்டை, பாகல் பந்தல், மூலையில ஒரு முருங்கை, வேலியோரம் மரவள்ளி. பாட்டி மரவள்ளிக் கிழங்கை வாயில வைக்கமாட்டாங்க. ஜப்பான்காரன் காலத்துல மூணு வருசத்துக்கு மேல அதையே தின்னு வெறுத்துப் போச்சுன்னு சொல்லுவாங்க. ஆனா குச்சி நடுறதை மட்டும் சாகிற வரைக்கும் விடல. "அரிசி இல்லாத நாள் வந்தா என்னடா பண்ணுவீங்க?"ன்னு கேட்பாங்க.

மாடு அப்பாவோடது. நாலு, அஞ்சு எப்பவும் இருக்கும். தமிழ்நாட்டுல இருந்து கப்பல்ல வந்த வம்சம்னு அப்பா பெருமையா சொல்லுவாங்க. பிற்பாடு வெட்னரி ஆபீஸ் பாரத்துல 'லோக்கல் இந்தியன் டெய்ரி'ன்னு எழுதியிருந்ததைப் பார்த்தப்போதான் அப்பா சொன்னது கதை இல்லைன்னு தெரிஞ்சுச்சு. காலையில நாலு மணிக்கு அம்மா கறப்பாங்க. முதல்ல கன்றை விட்டு ஊட்ட வைக்கணும், அது முட்டி முட்டிக் குடிச்சாத்தான் தாய் பாலை இறக்கும். அப்புறம் கன்றை இழுத்துக் கட்டிட்டு, சுடுதண்ணியில மடியைக் கழுவி, விரல்ல எண்ணெய் தொட்டுக் கறக்கணும். கன்றை இழுத்துப் பிடிக்கிறது எங்க வேலை. அதோட பலம் ஏழு வயசுப் பிள்ளைக்கு மேல. இழுத்துக்கிட்டே விழுந்து, சாணியில புரண்டு, குளிச்சு, பள்ளிக்கூடத்துக்கு ஓடினாலும் சட்டையில வாசனை இருக்கும். பள்ளிக்கூடத்துல எங்க பேரே மாட்டுக்கார வீட்டுப் பிள்ளைங்க.

அஞ்சரை மணிக்கு அப்பாவும் அம்மாவும் பெரட்டுக்குப் போயிடுவாங்க. பாலைப் போத்தல்ல ஊத்தி கிராணி வீடு, டிரஸ்ஸர் வீடு, கடைக்கார ஐயா வீடுன்னு கொடுத்துட்டு வர்றது எங்க பொறுப்பு. தண்ணி கலந்தோமான்னு கேக்காதீங்க. அம்மா கலந்தது இல்ல. நாங்க ஒரு தடவை வழியில கொட்டிட்டு, பைப்புல பிடிச்சு நிரப்பினோம். கிராணி வீட்டம்மா அன்னிக்கே கண்டுபிடிச்சுட்டாங்க.

மாடு கன்று போட்ட நாள்தான் எங்களுக்குத் தீபாவளி. ஒன்பது மாசம் பத்து நாள், பொம்பளைங்களைப் போலவே கணக்கு. இளங்கொடி விழுந்ததும் அதை நாய் இழுக்காம சாக்குல கட்டி, அப்பா ஒரு கித்தா மரத்துல உயரமா தொங்க விடுவாங்க. ஊர்ல ஆலமரத்துல கட்டுவாங்களாம், பால் வடியிற மரமா இருந்தா மாட்டுக்குப் பால் ஊறும்னு நம்பிக்கை. இங்கே பால் மரத்துக்கா பஞ்சம்? சீம்பாலை வெல்லம் போட்டுக் காய்ச்சி லயம் முழுக்கக் கொடுப்போம். பால் தெளிஞ்சதும் முதல் செம்பு முனீஸ்வரன் கோயிலுக்குப் போகும். அப்புறம்தான் வீட்டுக் காப்பிக்கு.

ஒன்னு மட்டும் அப்போ எங்களுக்குப் புரியல. கிடாரிக் கன்று பிறந்தா அம்மா அன்னிக்கே பேர் வச்சிடுவாங்க. லெட்சுமி, செவலை, கறுப்பி. காளைக்கன்று பிறந்தா பேர் வைக்கமாட்டாங்க. 'குட்டி'ன்னுதான் கூப்பிடுவாங்க. ஆறேழு மாசம் கழிச்சு ஒரு நாள் பள்ளிக்கூடம் விட்டு வந்தா குட்டி இருக்காது. தாய் மாடு மூணு நாள் கத்தும். எங்கேன்னு கேட்டா, "வேற ஊருக்குப் போயிருக்கு"ன்னு சொல்லுவாங்க. தாத்தா காலத்துல காளைக்கு வேலை இருந்துச்சு, தோட்டத்துல மாட்டு வண்டி ஓடிச்சு. எங்க காலத்துல டிராக்டரும் லோரியும் வந்தாச்சு. வேலை இல்லாத காளையை எந்தக் கூலிக்காரன் வச்சுத் தீனி போடுவான்?

1988ல தோட்டத்துல கித்தாவை அழிச்சு செம்பனை நட ஆரம்பிச்சாங்க. செம்பனைக் கன்றோட குருத்தை மாடு கடிச்சா அந்த மரம் அதோட போச்சு. அதனால மாடு வச்சிருக்கிறவங்க எல்லாம் வெளியேத்தணும்னு அறிக்கை ஒட்டினாங்க. அந்த ஒரு மாசத்துல லயத்துல பாதிப் பேர் மாட்டை வித்தாங்க. எல்லாரும் ஒரே நேரத்துல வித்தா என்ன விலை கிடைக்கும்? அப்பா விக்கல. ஆத்தோரமா கிட்டத்தட்ட ஒரு ஏக்கர் அரசாங்க நிலத்துக்கு டி.ஓ.எல். எடுத்தாங்க. டி.ஓ.எல். தெரியாதவங்களுக்காகச் சொல்றோம்: தற்காலிக உரிமம், டிசம்பர் 31 வரைக்கும்தான் செல்லும், ஒவ்வொரு வருசமும் பணம் கட்டிப் புதுப்பிக்கணும், நிரந்தரமா எதையும் கட்டக்கூடாது. 37 வருசமா அந்த நிலத்துல தற்காலிகமா இருக்கோம்.

பகல்ல ரோட்டுல காடி ஓடும்னு ராத்திரி மாட்டை ஓட்டிக்கிட்டுப் போனோம். ஏழு கிலோமீட்டர். முன்னால அப்பா டார்ச்லைட்டோட, நடுவுல அஞ்சு மாடு, பின்னால அம்மா கோழிக் கூடையைத் தலையில வச்சுக்கிட்டு, கடைசியில நாங்க கன்றுகளோட. ஒரு லோரிக்காரர் காடியை ஓரமா நிறுத்தி, விளக்கை அணைச்சு, நாங்க கடக்கிற வரைக்கும் காத்திருந்தார். யாருன்னே தெரியாது.

அந்த ஒரு ஏக்கர்தான் எங்களை வளர்த்தது. மண் நல்ல மண், ஆத்து வண்டல். சாணி போட்டுப் போட்டு இப்போ மண்வெட்டி தானா இறங்கும். வாழை, முருங்கை, கறிவேப்பிலை, பசலை, புடலை, வெத்தலைக் கொடி, துளசி. நீங்க கோயில்ல பார்க்கிற அருகம்புல் மாலைக்கும் யாகத்துக்கு வர்ற வரட்டிக்கும் புல்லும் சாணியும் அங்கிருந்துதான் வருது. கோழி எத்தனைன்னு கணக்கு வைக்க முடியாது. நாங்க எண்ணுறதுக்குள்ள மூசாங் எண்ணிடும். மரநாயைத்தான் சொல்றோம். ஒரு அடைக்கோழி 21 நாள் படுத்துப் பன்னிரண்டு குஞ்சு பொரிச்சா, மூசாங், உடும்பு, பருந்து, பாம்பு எல்லாரும் பங்கு கேட்டு வருவாங்க. அஞ்சு வளர்ந்தா எங்களுக்கு லாபம். அதுல ஒரு சேவல் முனீஸ்வரனுக்கு.

எங்கள்ல ஒருத்தர் எஸ்பிஎம் முடிச்ச கையோட பேக்டரி வேலைக்குப் போனது 1989ல. இன்னும் அதே பேக்டரி, இப்போ சூப்பர்வைசர். கல்யாணமாகி வந்த மருமகள் மாமியாரோட கொட்டகைக்குள்ள நுழைஞ்சது 1995ல. இந்த ரெண்டு சம்பாத்தியமும் சேர்ந்தாத்தான் வீடு. நைட் ஷிப்டு முடிஞ்சு வந்து, தூங்காம மோட்டார்ல போய்ப் புல் அறுத்துட்டு வந்து படுத்த நாள் எவ்வளவோ. ஒரு கறவை மாட்டுக்கு ஒரு நாளைக்கு 35 கிலோ பச்சைப் புல் வேணும். தீவனம் மூணு நாலு கிலோ, தண்ணி 50 லிட்டர். செம்பனைப் புண்ணாக்கு, தவிடு, தவுபூ கடையில மிஞ்சுற சோயாச் சக்கை, அறுப்பு முடிஞ்சா பெண்டாங் பக்கத்துல இருந்து வைக்கோல். மாட்டுக்கு ஞாயிற்றுக்கிழமை கிடையாது, எம்சி கிடையாது. எங்க கல்யாண நாள்ல எங்களால எந்த ஊருக்கும் போக முடிஞ்சது இல்ல. தைப்பூசத்துக்குப் பினாங்கு போனாலும் சாயந்திரக் கறவைக்குள்ள ஓடி வந்தாகணும்.

இப்போ கோமதியைப் பத்திச் சொல்லணும். பழைய பக்தர்களுக்கு நினைவிருக்கும்.

2004ல நம்ம கோயில் கும்பாபிஷேகம் நடந்தப்போ கோபூசைக்குன்னு ஒருத்தர் ஒரு நல்ல மாடு வாங்கிக் கொடுத்தார். சாஹிவாலும் பிரீஷியனும் கலந்த ஜாதி, இளம் மாடு, நெத்தியில வெள்ளை. கோமதின்னு பேர் வச்சோம். பூசை முடிஞ்சது, பந்தலைப் பிரிச்சாங்க, ஐயர்மார்களை வழியனுப்பினாங்க. மாடு மட்டும் மடப்பள்ளிக்குப் பின்னால நின்னுச்சு. வர்றவங்க எல்லாரும் அன்பாப் பார்த்தாங்க. அன்பாப் பார்த்தவங்க எல்லாம் கையில இருந்ததை ஊட்டினாங்க. வாழைப்பழம், சர்க்கரைப் பொங்கல், கடலை, லட்டு. மாலையை நாரோட தின்னுச்சு. ஒருத்தர் பிளாஸ்டிக் பையோடவே கொடுத்தார். புல்லைக் கொடுத்தவங்க ரொம்பக் குறைச்சல். மாட்டுக்குப் பொங்கல் புண்ணியம் இல்லீங்க, விசம். அதோட வயிறு புல்லுக்குத்தான். சோறும் இனிப்பும் நிறையப் போனா உள்ளே புளிச்சுப் போயிடும்.

மூணாவது மாசம் ஒரு புதன்கிழமை ராத்திரி வாட்ச்மேன் போன் பண்ணினார். போய்ப் பார்த்தா இடது பக்க வயிறு மத்தளம் மாதிரி உப்பி, கோமதி நாக்கைத் தள்ளிக்கிட்டு நிக்குது. பக்கத்து நிலத்து பாக்சிக்கை எழுப்பிக் கூட்டிக்கிட்டுப் போயிருந்தோம். அவருக்கு மாடு, ஆடு எல்லாம் அத்துப்படி. எண்ணெய் புகட்டி, முன்னங்காலை மேட்டுல ஏத்தி நிறுத்தி, வயித்தை அமுக்கி விட்டு, விடிய விடிய நடக்க வச்சோம். கொடிமரத்தைச் சுத்தி எத்தனை சுத்துன்னு தெரியாது. காலையில வெட்னரி டாக்டர் வந்து மருந்து கொடுத்தார். மாடு பிழைச்சது. அன்னிக்கே நிர்வாகத்துல சொல்லிட்டு எங்க கொட்டகைக்குக் கொண்டு போயிட்டோம். பால் கோயிலுக்கு, பராமரிப்பு எங்களுக்குன்னு பேச்சு. யாரையும் குறை சொல்லல. மாடு எங்க கையில வந்ததுல எங்களுக்கும் சந்தோசம்தான்.

கோமதி நல்லாக் கறந்துச்சு. அது கறந்த காலத்துல ஒரு வெள்ளிக்கிழமைகூட அம்மனுக்குப் பால் இல்லைன்னு ஆனது கிடையாது. முதல் ஈத்து கிடாரி. அடுத்து மூணு ஈத்தும் வரிசையா காளை.

இதுதான் நாங்க சொல்ல வந்தது. மாடு கன்று போட்டாத்தான் பால். வருசத்துக்கு ஒரு கன்று இல்லைன்னாலும் ஒன்றரை வருசத்துக்கு ஒன்னு. அதுல பாதி காளையாத்தான் பிறக்கும், அது கடவுள் கணக்கு. அபிஷேகப் பாலைப் பார்த்து அரோகரா சொல்ற யாரும் அந்தக் காளைக்கன்று எங்கேன்னு கேக்கிறது இல்ல. நாங்களும் கேக்காம இருந்தவங்கதான்.

முதல் காளைக்கன்றுக்கு எட்டு மாசம் இருக்கும்போது அப்பா வியாபாரிக்குச் சொல்லி அனுப்பினாங்க. பெருநாள் நெருங்கினா விலை கூடும், அப்போ பார்த்துக் கொடுக்கிறது வழக்கம். வாங்கினவங்க மேல ஒரு குறையும் இல்ல. அவங்க நம்பிக்கைக்கு அவங்க வாங்குறாங்க. விலை பேசிக் கயித்தைக் கையில கொடுத்தது நாங்க. 1,100 வெள்ளி கிடைச்சது. மக பாரம் ஒன்னுக்குப் போற வருசம். யூனிபாரம், பஸ் காசு, கொட்டகைக்கு ரெண்டு ஜிங்க் தகடு. மிச்சத்துல 201 வெள்ளியை ஆடி வெள்ளி உபயத்துக்குக் கட்டினோம். மைக்குல எங்க குடும்பப் பேரைப் படிச்சாங்க. நாங்க கையைக் கூப்பி நின்னோம்.

அந்த வாரமே ஒரு பாட்டி கோயில்ல கேட்டாங்க. "கோமதி கன்னுக்குட்டி எப்படிப்பா இருக்கு?" நல்லா வளர்ந்துடுச்சு பாட்டி, தெரிஞ்சவங்க பண்ணைக்குக் கொடுத்துட்டோம்னு சொன்னோம். பாட்டி எங்க கையைப் பிடிச்சுக் கண்ணுல ஒத்திக்கிட்டாங்க. ரெண்டாவது காளைக்கும் அதே பதில்தான் சொன்னோம், பாட்டிக்கும் மத்தவங்களுக்கும். அந்தப் பாட்டி இப்போ இல்ல. இருந்திருந்தா இதை நேர்ல சொல்லியிருக்கணும்.

பேக்டரியில அளவுக்கு வராத பொருளைச் சிவப்புத் தொட்டியில தனியாப் போடுவோம். ஏன் ரிஜெக்ட் ஆச்சுன்னு பாரம் எழுதிக் கையெழுத்துப் போடணும். எழுதாட்டி மேல இருந்து கேள்வி வரும். கொட்டகையில அந்தப் பாரம் இல்ல. யாரும் கேள்வி கேக்கல.

மூணாவது காளைக்கு அம்மா பேர் வச்சுட்டாங்க. முத்து. அப்பா சத்தம் போட்டாங்க, "பேர் வச்சா அப்புறம் எப்படிடி விக்கிறது?" அம்மா பதில் பேசல. வியாபாரி லோரி வந்த அன்னிக்கு அம்மா கொட்டகை வாசல்ல முக்காலி போட்டு உட்கார்ந்துட்டாங்க. லோரி வெறுமனே திரும்பிச்சு. அதோட முடிஞ்சு போச்சுன்னு நினைச்சிடாதீங்க. முத்து வளர்ந்தான். ரெண்டு வயசுல வேலியை ரெண்டு தடவை ஒடிச்சான். வாழைத் தோப்பை ஒரு ராத்திரியில முடிச்சான். ஒரு கறவை மாட்டுக்குச் சமமாத் தின்னான், ஒரு சொட்டுப் பால் இல்ல. ஒரு நாள் அப்பாவை முட்டித் தள்ளி விலா எலும்பு ரெண்டு விரிசல். வீட்டுல பெரிய சண்டை. மருமகள் பேசாத பேச்செல்லாம் பேசின நாள் அது. அவங்களே இதை எழுதச் சொல்றாங்க. அம்மா ரெண்டு நாள் சாப்பிடல.

பாக்சிக்தான் வந்து மலாய்ல சொன்னார்: இவனைக் கட்டிப் போடுறதுதான் தப்பு, என் இடத்துக்கு விடுங்கன்னு. அவருக்கு நாலு ஏக்கர் செம்பனை, மரம் எல்லாம் வளர்ந்து உயரமாயிடுச்சு, மாடு மேய்ஞ்சா கெடுதல் இல்ல. புல்லையும் அதுங்களே தின்னுடும், சாணியும் மரத்துக்கு ஆகும். அவரோட மாடுகளோட முத்துவையும் விட்டோம். அங்கே போனதும் அடங்கிட்டான். அவரோட பசுக்களுக்கு அவன்தான் பொலிகாளை. பெருநாள் எத்தனையோ வந்துச்சு, எவ்வளவோ பேர் விலை கேட்டாங்க. "அது மாக்சிக்கோட பிள்ளை"ன்னு சொல்லி அனுப்பிடுவார். மாக்சிக்னு அவர் சொல்றது எங்க அம்மாவை. முத்து 2015ல மழைக்காலத்துல செத்தான். அங்கேயே குழி வெட்டிப் புதைச்சோம். அப்பா அதைப் பார்க்க இல்ல, 2011லயே போயிட்டாங்க. பாக்சிக்கும் இப்போ இல்ல. நிலத்தை அவர் மகன் பார்க்கிறார்.

2020 மார்ச் 18ல நடமாட்டக் கட்டுப்பாடு வந்தப்போ கோயில் கதவு மூடிட்டாங்க. மாட்டு மடிக்குக் கட்டுப்பாடு தெரியாதே. தினமும் பால் வந்துச்சு, வாங்குறவங்க இல்ல. தயிராக்கி, நெய்யாக்கி, பால்கோவா கிண்டி, பக்கத்துல இருக்கிறவங்களுக்குக் கொடுத்தோம். கொல்லையில இருந்த மரவள்ளி, முருங்கைக்கீரை, முட்டை எல்லாம் பையில போட்டுத் தெரிஞ்ச வீட்டு வாசல்ல வச்சுட்டு வந்தோம். பாட்டி சொன்ன நாள் அதுதானோன்னு அம்மா சொன்னாங்க. அந்த வருசக் கடைசியில ரெண்டு மாட்டை வித்தோம். தீவன விலை ஏறிப்போச்சு, அம்மாவுக்கும் முட்டி முடியல. பிள்ளைங்க ரெண்டு பேரும் வெளியூர்ல வேலை. அவங்களைக் குத்தம் சொல்ல ஒன்னும் இல்ல. நாங்கதான் சாணி வாசனை இல்லாத வேலைக்குப் போங்கன்னு படிக்க வச்சோம்.

இப்போ கொட்டகையில ஒரே ஒரு கறவை மாடு. கோமதியோட பேத்தி. ஆறு வாரத்துக்கு முன்னால கன்று போட்டிருக்கா. காளை. தாயைப் போலவே நெத்தியில வெள்ளை.

அம்மாவுக்கு 79 வயசு. கறக்க விரல்ல பலம் இல்ல, ஆனா தினமும் கம்பை ஊன்றிக்கிட்டு வந்து அதுகிட்ட உட்கார்ந்திருக்காங்க. பேக்டரியில எங்களுக்கு இன்னும் கொஞ்ச வருசம்தான். அதுக்கு அப்புறம் புல் அறுக்க நேரம் இருக்கும், இடுப்பு இருக்குமான்னு தெரியாது. போன வாரம் அம்மா கன்றுக்குப் பேர் வச்சுட்டாங்க. யாரையும் கேக்கல.

அதனால அந்த உபயக் குடும்பத்துக்கு எங்க பதில் இது. கோவிச்சுக்காதீங்க. இப்போதைக்குக் கோயிலுக்கு மாடு வேண்டாம். கோயில்ல மாட்டுக்கு இடம் இல்ல, பின்னால இருக்கிறது சிமெண்டு, அதுல நின்னா குளம்பு கெட்டுப் போகும். வெள்ளிக்கிழமை அபிஷேகத்துக்கு ஆறு லிட்டர் பால் எங்க கொட்டகையில இருந்து வரும், அது வத்துற வரைக்கும். வத்தினதுக்கு அப்புறம் அடுத்த ஈத்து வரைக்கும் பாக்கெட் பால்தான், அம்மன் அதையும் ஏத்துப்பா. உங்க தகப்பனார் நினைவா செய்ய ஆசைன்னா, மாடு வாங்க வச்சிருக்கிற பணத்துல ஒரு பகுதியை இந்தக் காளைக்கன்றுக்குச் செலவு பண்ணுங்க. பாக்சிக் மகன்கிட்ட பேசிட்டோம். தாயைப் பிரிச்சதும் கன்றை அவர் செம்பனைக்குள்ள விடச் சம்மதிச்சுட்டார். வேலி மட்டும் நாம போட்டுக் கொடுக்கணும், பழைய வேலி உளுத்துப் போச்சு. கட்டை, முள்கம்பி, ஆணி எல்லாம் சேர்த்து 1,800 வெள்ளி கணக்கு வருது. கடைக்காரர் எழுதிக் கொடுத்த சீட்டு எங்ககிட்ட இருக்கு, யார் வேணும்னாலும் பார்க்கலாம்.

பின்னொரு நாள் கோயிலே மாடு வைக்கணும்னு முடிவு பண்ணினா, காளைக்கன்று பிறந்தா அதுவும் கோயில் பிள்ளைன்னு கூட்ட அறிக்கையில எழுதிக் கையெழுத்துப் போடச் சொல்லிக் கேட்போம். அப்படி எழுதினா நாங்க பார்த்துக்கிறோம்.

வேலி வேலை வர்ற ஞாயிறு காலை ஏழரைக்கு. பத்துப் பேர் வந்தா மத்தியானத்துக்குள்ள முடிச்சிடலாம். பாராங், கையுறை இருக்கிறவங்க கொண்டு வாங்க. பூட்ஸ் கட்டாயம், மழை பெய்ஞ்சிருக்கு, அட்டை நிறைய இருக்கும். சாப்பாடு எங்க வீட்டுல இருந்து: சோறு, முருங்கைக்காய் சாம்பார், புடலங்காய்ப் பொரியல், மோர். பிள்ளைங்களையும் கூட்டிக்கிட்டு வரலாம், கன்றைத் தொட்டுப் பார்க்கட்டும். ஆனா கையில வாழைப்பழம், பொங்கல் எதுவும் கொடுத்து அனுப்பாதீங்க. புல் அங்கேயே இருக்கு.